பன்னிரண்டு

இரவு ஒன்றே கால். கொக்குவிலில்
மேல்மாடி அறையில்
மூன்றாம் தரமும் விழுந்துவிட்டது கேர்னல்.

இதை நான் தொலைபேசியில்
உரத்துச் சொல்லியிருக்கக்கூடாது.
கீழ்வீட்டு லைற் எரிந்தது.
யன்னல் கொஞ்சம் திறந்து, பிறகு
கொழுக்கி போட்ட சத்தம்.
இந்த ஊரில் சில சொற்களை
இன்னும் மெல்லத்தான் உச்சரிக்கவேண்டும்,
அது இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே என்றாலும்.

மறுமுனையில் தாட்சாயணி சிரித்தாள்.
"பக்கம் எவ்வளவு வைச்சனி?"
அறுபத்துநாலு கே.
"பழைய மெசினில?"
நாலு.
"அப்ப பேந்தென்ன."

பேந்தென்ன என்றால் இதுதான்:
கேர்னல் நினைவகத்தைச் சில்லறையாய்த் தராது.
ஒரு பைற் கேட்டாலும் ஒரு பக்கம்.
இன்டெல் பெட்டியில்
பக்கத்துக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைற்,
பேரம் இல்லை.
ஆம் சிப் கொஞ்சம் தாராளம்:
நாலு, பதினாறு, அறுபத்துநாலு,
எது விருப்பமோ எடு,
ஆனால் கட்டும்போதே சொல்லிவிடு,
ஓடத் தொடங்கினபின் மாற்ற ஏலாது.
அலுமாரிக்கு மேல் தூசு தின்கிற பழைய ஸ்பார்க்
எட்டென்று பிறந்து
எட்டென்றே செத்தது.

பெரிய பக்கம் எடுத்தால்
அட்டவணை சிறுக்கும், தேடல் ஓடும்.
நூறு எழுத்துக் கோப்பும் பிறகு
அறுபத்துநாலு கேயில் கால்நீட்டிப் படுக்கும்,
சுன்னாகம் சந்தைக்கு
ஒற்றை முருங்கைக்காய் ஏற்றிப்போகிற லொறி.

நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்தது உறுதிகள்.
காணி உறுதிகள், இருபதாயிரம்,
ஓரம் கறையானுக்குப் போனவை,
ஒன்றொன்றாய் ஸ்கானருக்குள் நுழைந்து
எங்கள் ட்ரைவர் வழியாய் நினைவகத்தில் இறங்குகிறவை.
சோதனைக்கு எப்போதும் திறப்பது முதல் இரண்டும்தான்.
நெல்லுப் பரப்பு நாலு, குழி மூன்று.
வரகுப் பரப்பு இரண்டு, குழி ஒன்பது.
இத்தனை மாதம் எழுத்துத் தெளிவா என்றுதான் பார்த்தேன்.
இன்றைக்குத்தான் வாசித்தேன்.

பன்னிரண்டு குழி, ஒரு நெல்லுப் பரப்பு.
பதினெட்டுக் குழி, ஒரு வரகுப் பரப்பு.
குழி குழிதான், பைற் பைற்றுதான்.
பரப்பு மட்டும்
என்ன விதைக்கிறாய் என்று கேட்டுவிட்டே
தன் அகலத்தைச் சொல்கிறது.
எழுதினவர் வெறும் பரப்பென்று விட்டிருந்தால்
வேலிக்கு இரண்டு பக்கமும்
அப்புக்காத்துமாருக்கு நல்ல காலம்.

கரண்ட் போனது.
யூ.பி.எஸ் கீச்சிட, நுளம்புத்திரி மணக்க,
பற்றரி இருக்கும்வரை தேடினேன்.
எங்கோ ஒருவன்
பக்கத்தின் அளவைக் கேர்னலிடம் கேளாமல்
தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறான்.
அறுநூற்றுப் பதினோராம் வரி:
முகவரியைப் பன்னிரண்டு இடம் வலப்புறம் தள்ளு.
வெறும் பன்னிரண்டு.
நெல்லென்றும் இல்லை வரகென்றும் இல்லை.
அறுபத்துநாலுக்குப் பதினாறு இடம் தள்ளவேணும், மடையா.

எந்த மடையன் என்று பதிவேட்டைக் கேட்டேன்.
என் பெயர்.
ஈராண்டுக்கு முன், தை மாதம், இரவு ஒன்று நாற்பது.

தாட்சாயணிக்குச் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை,
அதே வரி அவள் திரையிலும் இருந்தது.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்.
"சரி, மாத்து," என்றாள்.

பன்னிரண்டை அழித்து
அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்தேன்:
இந்தப் பெட்டியில் பக்கம் எவ்வளவு?
கட்டி முடிய நாற்பது நிமிடம்.
கரண்ட் வந்து, போய், திரும்ப வந்தது.
கொழும்பு மெயில் ஸ்ரேசனைத் தாண்டும் நேரம்
நாலிலும் எழும்பியது, பதினாறிலும்,
கடைசியாய், தயங்கித் தயங்கி, அறுபத்துநாலிலும்.
முதல் உறுதி திரையில் விரிந்தது,
கறையான் தின்ற ஓரத்தோடு.

பாண் வாங்க இறங்கினேன்.
படலையடியில் பேரின்பநாயகம்
பல்லுத்தூரிகையோடு வழிமறித்தார்.
"ராத்திரி ஆர் தம்பி விழுந்தது?"
நான்தான், என்றேன்.
அவர் என் முழங்காலைப் பார்த்தார்.